அப்பா போட்ட கையெழுத்து

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். பெற்றவள் காதில் விழக்கூடிய பேச்சா அது? அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்ப்யூட்டரில் வந்த பத்திரங்களுக்கெல்லாம் வரிசையாகச் சம்மதம் கொடுத்திருக்கிறான். கம்பெனியோடு தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஆர்பிட்ரேஷனில், அதாவது தனியார் நடுவர் முன்னால், தீர்த்துக்கொள்கிறேன் என்பது அதில் ஒன்று. நாளை வேலையிடத்தில் அவன் உயிருக்கே ஏதாவது நேர்ந்தால், கையெழுத்தே போடாத பெண்டாட்டி பிள்ளையையும் பெற்றவர்களையும் அது கட்டுமா என்பதுதானே உன் கேள்வி?

அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு ஒரு பதில். டெக்சாஸில் கட்டும்.

அங்கே ஒரு விசித்திரம் உண்டு. அரசின் தொழிலாளர் நஷ்டஈட்டுத் திட்டத்தில் தனியார் முதலாளி சேராமலே இருக்கலாம். லபாட் ஃபுட் சர்வீஸ் என்ற உணவு விநியோக நிறுவனம் அப்படித்தான் வெளியே நின்றது. சொந்தமாக ஒரு திட்டம் வைத்து, அதில் சேர்ந்தவர்களிடம் ஆர்பிட்ரேஷனுக்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. வேலை நேரத்தில் ஆஸ்துமா முற்றி ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவருடைய பெற்றோரும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டுகள் அவர்கள் பக்கம் நின்றன. 2009-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நடுவரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டது. குடும்பத்தின் உரிமை இறந்தவரின் உரிமையிலிருந்து கிளைத்தது. அவருக்கு இல்லாத வழி உங்களுக்கு ஏது என்பது அதன் வாதம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2007-ல், ஒஹையோ உச்ச நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. கொலம்பஸ் ஸ்டீல் காஸ்டிங்ஸ் தொழிலாளி வேலையில் விழுந்து இறந்த வழக்கு அது. சாகும் முன் அவர் பட்ட வேதனைக்கான வழக்கு அவருடையது, அது நடுவரிடம் போகட்டும். அவரை இழந்ததால் குடும்பம் பட்ட நஷ்டமோ குடும்பத்துக்கே சொந்தம். அதை அடமானம் வைக்க அவருக்கு அதிகாரமில்லை என்றது கோர்ட்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியைப் பறிகொடுத்தவர் 1808-ல் வழக்குப் போட்டபோது, சாவை சிவில் கோர்ட்டில் நஷ்டமாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காயப்படுத்தினால் தண்டம், கொன்றேவிட்டால் தண்டமில்லை! 1846-ல்தான் குடும்பத்துக்கு வழக்குரிமை தரும் சட்டம் வந்தது. நம்மூர் 1855-ஆம் வருஷச் சட்டம் அதன் பிள்ளை. ஆனால் அந்த 1846 சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இறந்தவர் பிழைத்திருந்தால் வழக்குப் போட முடிந்திருக்க வேண்டும். இதே நிபந்தனை அமெரிக்க மாநிலச் சட்டங்களிலும் ஏறியது. டெக்சாஸ் பிடித்துக்கொண்டது இந்தக் கொம்பைத்தான்.

எனக்கு ஒஹையோ சொல்வதே சரி. அப்பன் பட்ட கடனை மகன் அடைத்தே ஆக வேண்டும் என்ற விதி நம் இந்துச் சட்டத்திலும் இருந்தது; 2005 திருத்தம் அதற்கு முடிவு கட்டியது. கடனாவது அப்பா வாங்கியது. அப்பா இல்லாத வீட்டின் இழப்பை அவரா பட்டார்? உரிமை பறிபோகவில்லை, கேட்கும் இடம்தான் மாறுகிறது என்று கம்பெனி வக்கீல் சொல்வார். ஆனால் நடுவரிடம் ஜூரி கிடையாது, கதவு சாத்தியிருக்கும், அப்பீலுக்கு இடம் மிகக் குறைவு. வெறும் இட மாற்றமா இது?

அண்ணனைப் பயமுறுத்தாதே. ஆனால் அந்தப் பத்திரத்தைத் திறந்து படிக்கச் சொல். சில கம்பெனிகள், சம்மதித்த பிறகும் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளச் சில நாள் தவணை தருவதுண்டு. அவனுக்கு அந்தத் தவணை இருக்கிறதா, இருந்தால் இன்னும் எத்தனை நாள் என்று இன்று ராத்திரியே கேட்டுவிடு.

அன்புடன்,
மாமா