இடுப்பு ஊசி: குணமாக்கவா, கண்டுபிடிக்கவா?



தறியில் குனிந்து உட்காருவது, தார் சுற்றுவது, குடம் தூக்குவது என்று நம்ம பொதட்டூர்பேட்டைப் பெண்களின் இடுப்புக்கு ஓய்வே கிடையாது. டாக்டர் முதுகில் ஊசி என்றதும், "இதோட வலி போயிடும்"னு நம்பி குழுவில் கடன் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ராத்திரியே வலி திரும்பினால், "ஏமாந்துட்டேனே"ன்னு கலங்குவார்கள். அது ஏமாற்றமா? தெரிந்துகொள்வோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

முதுகெலும்பின் ஒவ்வொரு அடுக்கிலும் பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சிறு மூட்டுகள் உண்டு. இவை தேய்ந்தாலும் வலிக்கும். தசை, ஜவ்வு கெட்டாலும் வலிக்கும். ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தாலும், வலிக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஊசி என்ன செய்கிறது?

எந்த லைனில் கோளாறு என்று பார்க்க ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்போம் இல்லையா? அதுமாதிரிதான். மூட்டின் வலியைக் கொண்டுபோகும் நரம்பின் பக்கத்தில், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, சொட்டளவு மரப்பு மருந்து போடுவார்கள். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு என்பதால் ஒன்றுக்கு மேல் குத்துவார்கள். சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால் அந்த மூட்டுதான் காரணமாக இருக்கலாம். குறையாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். உறுதி செய்ய இன்னொரு நாள் மறுபடியும் போடுவதுண்டு.

ஆகவே வலி திரும்புவது தோல்வி இல்லை. இது சோதனை ஊசி. சோதனை சரியாக வந்தால், அந்த நரம்பைச் சூடுபடுத்தி மரக்கச் செய்யும் சிகிச்சை உண்டு. அதன் பலன் பல மாதம் நிற்கலாம்; நரம்பு வளர்ந்தால் வலி திரும்பலாம்.

நாம் செய்ய வேண்டியது

1. சர்க்கரை நோய், ரத்தம் உறையாத மாத்திரை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.
2. துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். சிறிது நேரம் கால் மரத்துப் போகலாம்.
3. ஊசிக்குப் பின், வலி வரவழைக்கும் வேலையை டாக்டர் சொன்ன அளவுக்குச் செய்து பாருங்கள். மணிக்கு ஒருமுறை வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு நோட்டில் எழுதுங்கள்.
4. "இது சோதனையா, சிகிச்சையா? மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் வருமா?" என்று கேட்ட பிறகே கடன் மனு எழுதுங்கள்.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலோ ஊசிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கு நோட்டில் மார்க் எழுத யார் துணை போவது என்றும் பேசி முடிவெடுங்கள்.