தாடை வலியும் கூட வரும் வலிகளும்

வாயைத் திறந்தால் காதுப் பக்கம் ‘டக்’கென்று சத்தம், பாண் கடித்தால் வலி. “பல்லைப் புடுங்கினால் சரி” என்று துறைமுகப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் தோட்டத்து ஆட்கள் சொல்வதைக் கேட்கிறோம். அவசரப்படாதீர்கள்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைவதுதான் தாடை மூட்டு. உள்ளே மெத்தை போல ஒரு சிறு தட்டு உண்டு. அது விலகினால் சத்தம் வரும். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை.

வலி இருந்தால், அது பலருக்குத் தனியாக வருவதில்லை. தலையிடி, கழுத்து வலி, இடுப்பு வலி, உடம்பு உளைச்சல், வயிற்றுக் கோளாறு என்று கூட்டமாக வரும். பெண்களுக்கே கூடுதல். நாள்பட்ட வலியில் நரம்பு கூர்மையாகி, சிறு உரசலையும் பெரிதாகக் காட்டும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் 2020ஆம் ஆண்டு அறிக்கையும் இதைப் பல் வைத்தியத்தோடு மட்டும் நிறுத்தக்கூடாது என்கிறது. ஆகவே பல் டொக்டரிடம் தாடை, மற்ற டொக்டரிடம் இடுப்பு என்று பிரிக்காமல், போகிற இடத்தில் எல்லா வலியையும் சொல்லுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் உடம்பு வலி இறங்கும் என்பார்கள் அல்லவா? வீட்டிலேயே துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒற்றலாம். சில நாள் சோற்றைக் குழைய வடியுங்கள். மூட்டை தூக்கும்போது பல்லைக் கடிக்காதீர்கள். பலருக்கு இதிலேயே குறையும்.

வெத்திலை பாக்கு போடுகிறவர்கள் கவனம்: வாய் எரிந்து, மூன்று விரல் நுழையாதபடி இறுகி வந்தால் அது பாக்கினால் வரும் வேறு நோயாக இருக்கலாம். புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கை நிறுத்தி, அந்த வாரமே பல் டொக்டரிடம் காட்டுங்கள்.