பிஸ்டன் வாங்கும் முன் பேரலை அளந்து பாருங்கள்

டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் ஹெட்டையும் பேரலையும் கழற்றி வைத்ததும் எழுகிற முதல் பேச்சு, காஸ்ட் பிஸ்டன் போடுவதா ஃபோர்ஜ்டு போடுவதா என்பதுதான். ஆனால் முதலில் தீர்க்க வேண்டியது பேரலின் நிலை. ஆர்எக்ஸ் 100-இல் பழகிய கைகளுக்கு இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஆர்எக்ஸ் பேரலுக்குள் இரும்பு லைனர் இருக்கிறது; தேய்ந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். யமஹா ஒய்இசட் 250, கேடிஎம் 300 போன்றவற்றில் அலுமினியச் சுவரின்மேல் நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த மெல்லிய பூச்சு மட்டுமே. அதை லேத்தில் கடைய முடியாது. பூச்சு உரிந்து அலுமினியம் தெரிந்தால் மறுபூச்சு அல்லது புதுப் பேரல்தான். அதனால் போர் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பிறகே பிஸ்டன் வாங்க வேண்டும். கேடிஎம் பேரலில் I, II என்று அளவுக் குறி பொறித்திருப்பார்கள். அதற்குப் பொருந்தும் குறியுள்ள பிஸ்டன்தான் போக வேண்டும். ஆனால் ஓடித் தேய்ந்த பேரலில் அந்தக் குறியை மட்டும் நம்பக் கூடாது.

பேரல் நன்றாக இருந்தால், மோட்டோகிராஸ் பந்தயத்தில் முழு நேரம் ஓட்டாத எவருக்கும் காஸ்ட் பிஸ்டனையே நான் சொல்வேன். காரணம் உலோகத்தின் குணம். வார்ப்பு பிஸ்டனில் சிலிக்கான் அதிகம், ஆகவே சூட்டில் விரிவது குறைவு. பேரலோடு நெருக்கமான இடைவெளியில் சத்தமில்லாமல் ஓடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடித்து உருவாக்கப்பட்டதால் உறுதி கூடுதல், ஆனால் பெரும்பாலும் கூடுதலாக விரியும். ஆகவே அதற்கு இடைவெளியும் அதிகம் விட வேண்டும். எஞ்சின் சூடேறும் முன் த்ராட்டிலை முறுக்கினால் பிஸ்டன் முதலில் விரிந்துவிடும், நீர் சூழ்ந்த பேரல் பின்தங்கும், பிஸ்டனின் நான்கு மூலைகளிலும் கோடு விழுந்து எஞ்சின் சீஸ் ஆகும். காலையில் கிக் அடித்தவுடன் காட்டுப்பாதையில் ஏறிவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு இது உண்மையான ஆபத்து. ஒய்இசட் 250 கம்பெனியிலிருந்தே காஸ்ட் பிஸ்டனோடு வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

காஸ்ட் பிஸ்டனின் ஸ்கர்ட் உடைந்தால் துண்டு கிராங்க் கேஸுக்குள் விழுந்து எல்லாவற்றையும் நாசமாக்கும், ஃபோர்ஜ்டு அப்படி நொறுங்காது என்பார்கள். சரியான பயம்தான். ஆனால் ஸ்கர்ட் பெரும்பாலும் உடைவது, இடைவெளி கையேட்டின் எல்லையைத் தாண்டிய பிறகும் அதே பிஸ்டனை ஓட்டுவதால். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் சாய்ந்து சுவரில் மோதி விரிசல் விடுகிறது. மணிக்கணக்கைக் குறித்து வைத்து உரிய நேரத்தில் மாற்றுகிறவருக்கு அந்தப் பயம் பெருமளவு விலகிவிடும். ஃபோர்ஜ்டு நீண்ட நாள் உழைக்கும் என்ற வாதமும் முழுமையானதல்ல. ரிங் தேயும் வேகம் பிஸ்டனின் உலோகத்தைப் பார்ப்பதில்லை. ரிங் மாற்ற எப்படியும் பேரலைத் தூக்கத்தான் போகிறீர்கள். முழு த்ராட்டிலில் மணலிலோ பந்தயத் தடத்திலோ நீண்ட நேரம் ஓட்டுபவர், தவறாமல் சூடேற்றிக் கிளம்புபவர் என்றால் ஃபோர்ஜ்டு வாங்குங்கள். அப்போது ஃபோர்ஜ்டு பிஸ்டன் தயாரித்தவர் சொல்லும் இடைவெளியே சட்டம், பைக் கையேட்டில் உள்ளது அல்ல.

பிஸ்டனைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பேரலின் அடியில் போகும் பேக்கிங்கின் தடிமன். பழைய அளவையே போட்டால் போதாதா என்று கேட்கலாம். பேரல் மறுபூச்சுக்குப் போய்வந்திருக்கலாம், பிஸ்டன் வேறு தயாரிப்பாக இருக்கலாம். மேல்தளத்தின் உயரம் சற்றே மாறினாலும் ஸ்க்விஷ், அதாவது உச்சியில் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையேயான வெளி, மாறிவிடும். அது அகலமானால் விளிம்பில் தேங்கும் கலவை தானே வெடித்து பிஸ்டனைத் தின்னும். மிகக் குறைந்தால் உச்ச வேகத்தில் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். ஈயக் கம்பியை கட்ஜன் பின்னின் நேர்க்கோட்டில் இரு ஓரங்களிலும் வைத்து நசுக்கி அளந்தால், பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லாது. இந்த அளவு எஞ்சின்களில் 1.0 முதல் 1.5 மி.மீ. வரை பொதுவாக ஏற்கப்படுகிறது. கேடிஎம் 250, 300-இன் பல மாடல் கையேடுகள் வேறு வழியைச் சொல்கின்றன: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் விளிம்பு பேரலின் மேல்விளிம்போடு 0 முதல் 0.1 மி.மீ.க்குள் பொருந்தும்படி பேக்கிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மெல்லிய பேக்கிங் ஸ்க்விஷை மட்டும் குறைப்பதில்லை. பேரலோடு எக்ஸாஸ்ட் போர்ட்டும் இறங்குகிறது. கீழ் வேகத்தில் இழுவை கூடி, மேல் வேகத்தில் ஓட்டம் குறையும். தடித்த பேக்கிங் இதற்கு நேர்மாறு. ஆகவே போர்ட்டின் உயரத்தைப் பேக்கிங்கால் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் ஸ்க்விஷ் அகலமாக இருந்தால் ஹெட்டைக் கடைந்து குறையுங்கள். ஒரே பேக்கிங்கால் இரண்டையும் சாதிக்க முயல்வதுதான் பலரும் செய்வது, இரண்டுமே அரைகுறையாகும். எந்தத் தடிமன் போட்டாலும், எக்ஸாஸ்ட் பவர்வால்வ் கதவு பிஸ்டனைத் தொடாமல் இருக்கிறதா என்று, ஹெட் மூடும் முன் கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள்.