காற்று இறங்கிய காரும் கல்வராயன் மலைச் சாலையும்

ஏர் சஸ்பென்ஷன் பழுதானால் குலுங்காத பயணச் சுகம் மட்டும்தான் போகும், மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்துவிடலாம் என்பது பெரிய கார் வைத்திருப்பவர்கள் பலரின் எண்ணம். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அந்த எண்ணம் ஓரளவு தேறும். அதே காரைக் கள்ளக்குறிச்சியில் திருப்பி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏற்றினால் தேறாது. பழுது அதேதான், சாலை வேறு. காற்று இறங்கிய காரை ஓட்டலாமா என்று டாஷ்போர்டு விளக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, முன்னால் இருக்கும் சாலையையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் அனுபவம் சொல்லும் கணக்கு.

இந்த அமைப்பில் இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ரப்பர் பெல்லோ இருக்கும். மின் கம்ப்ரசர் காற்றைத் தரும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை வால்வு பிளாக் பிரித்துவிடும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சென்சார்கள் கணினிக்குச் சொல்லும். நாள்பட நாள்பட ரப்பர் மடியும் இடத்தில் வெடிப்பு விழும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும், ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடும். எழுந்துவிடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுவதில்தான் பெரிய செலவு தொடங்குகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறும், கடைசியில் அதுவும் போகும். மலையேறியதால் கெட்டது என்று உயரத்தின் மேல் பழி போடுவோர் உண்டு. 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். ஏற்கெனவே களைத்துப்போன கம்ப்ரசர் மலைப்பாதையின் மேடுபள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

காற்று முழுதும் போனதும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி பம்ப் ஸ்டாப்பர் என்னும் சிறு கட்டையின் மேல் உட்காரும். இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ஆம்னி பஸ்ஸில் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் ஒரே கம்ப்ரசர்தான் காற்றைத் தருகிறது, அங்கே பெல்லோ கிழிந்தால் பயப்படலாம். காரில் பிரேக் எண்ணெயில் இயங்குவது, சஸ்பென்ஷன் காற்று போனால் பிரேக்குக்கு என்ன வந்தது? எண்ணெய் பிரேக் கெடாது என்பது உண்மை. ஆனால் பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், சாலையைப் பிடிக்க வேண்டியது டயர். சக்கரம் மேலும் கீழும் போய்வர இடமிருந்தால்தான் டயர் தரையோடு ஒட்டியிருக்கும், ஷாக் அப்சர்பரும் வேலை செய்யும். பம்ப் ஸ்டாப்பரில் உட்கார்ந்த வண்டியில் மேலே போக இடமே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக்கை மிதித்தால், பிடிப்பில்லாத சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும், ஏபிஎஸ் அதை விடுவிக்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். அதனால் இதைச் சுகக்குறைவு என்று எண்ணாமல் பிரேக் குறையாகவும் ஸ்டியரிங் குறையாகவும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் இந்தக் குறை பல மடங்காகும். கொண்டை ஊசி வளைவில் சாலை சமதளமாக இருப்பதில்லை. உள்பக்கச் சக்கரம் ஒரு மட்டத்தில், வெளிப்பக்கச் சக்கரம் வேறொரு மட்டத்தில் ஓடும். நல்ல சஸ்பென்ஷன் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கி நான்கையும் தரையில் வைத்திருக்கும். ஒரு மூலை இறங்கிப்போன வண்டியில் எடை குறுக்காகப் பிரிவதால் ஏதாவதொரு சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். முன்பக்கப் பெல்லோ போயிருந்தால் இறக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குத்தான் வரும். சாலையின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தபோது சாலை வசதியும் அதில் ஒரு முக்கியப் பிரச்சினையாக வந்தது. வெள்ளிமலைச் சாலையை விட்டு உள்ளூர்ப் பாதைகளில் இறங்கினால், வயிறு தரையை உரசும் காரின் ஆயில் சம்ப் ஒரு கல்லுக்குத் தாங்காது.

மரவள்ளி ஏற்றிய பழைய லாரியும் பட்டை உடைந்த பிக்கப்பும் அதே மலையில் தினமும் இறங்குகின்றனவே என்று கேட்கலாம். பட்டை ஸ்பிரிங்கில் பல பட்டைகள் அடுக்கியிருக்கும். ஒன்று உடைந்தால் மற்றவை சுமையைத் தாங்கும், உயரம் சற்றுக் குறையும், சக்கரத்துக்கு ஆட இடம் கொஞ்சம் மிஞ்சும். பெல்லோவுக்கு அப்படிப் பங்காளிகள் கிடையாது. அந்த லாரிகளும் பத்திரமாகத்தான் இறங்குகின்றன என்று நான் சாட்சி சொல்லவும் மாட்டேன்.

மெதுவாகப் போனால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. வேகத்தைப் பாதியாக்கினால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிறது, ஆகவே சமவெளியில் மெதுவாகப் போவது அர்த்தமுள்ள யோசனைதான். எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். சிலவற்றில் 80, சிலவற்றில் 50. என் விதி: டயர் மட்கார்டில் உரசவில்லை, வண்டி ஒரே பக்கம் இழுக்கவில்லை, பட்டறை அருகில் இருக்கிறது என்ற மூன்றும் கூடினால் மட்டும், பகலில், இடது ஓரமாக, 40-க்கு மேல் போகாமல் ஓட்டலாம். வேகத்தடையில் ஊர்ந்து ஏற வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். தேய்வோ சூடோ தெரிந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. பகலில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் விளக்கு. முன்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் கிட்டத்துத் தரையையே காட்டும், பின்பக்கம் இறங்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் இரவிலும் அந்தச் சாலையில் வரும், டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம். கிட்டத்தை மட்டும் காட்டும் விளக்கோடு அதன் பின்னால் போய்ச் சேருவதை விளக்க வேண்டியதில்லை. மலை இறக்கத்திலோ மெதுவாகப் போவது என்பதே பிரேக்கை நம்பியிருக்கிறது. முதல் கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கினாலும் வளைவும் பள்ளமும் குறையப்போவதில்லை. வேறு வழியே இல்லாமல் பாதுகாப்பான திருப்பம்வரை நகர்த்த வேண்டியிருந்தால் ஆட்டோமேட்டிக் காரிலும் கைமுறைக்கு மாற்றி முதல் கியரில் வையுங்கள், ஆட்களை இறக்கிவிடுங்கள், பள்ளத்தாக்கின் பக்கம் விட்டு மலைப்பக்கமாகவே நிறுத்துங்கள்.

நின்ற வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். மிச்சக் காற்றும் சட்டென்று போனால் வண்டி இன்னும் இறங்கும். ஜாக்கி போடும் முன் கையேட்டில் சொன்னபடி சஸ்பென்ஷனை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். காற்றில்லாத பெல்லோவோடு ஜாக்கியை இறக்கினால் ரப்பர் தாறுமாறாக மடிந்து நசுங்கி, பிழைக்க வேண்டியதும் கெடும். பழைய காரில் இதையெல்லாம் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடுவோரை நான் குறை சொல்ல மாட்டேன். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் காடிலாக் கார்களிலேயே பலர் அதைச் செய்தார்கள். ஒரே அச்சில் இரு பக்கமும் மாற்ற வேண்டும், ஹெட்லைட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பவர்கள் தங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைப் படிக்கலாம். பழுதைச் சரிசெய்யாமல் ஓட்டி அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசியிலேயே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-ஐ அழைக்கலாம். மலைச் சாலை அதில் சேராது. மேலே பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. ஆகவே முடிவை அடிவாரத்திலேயே எடுங்கள். கோமுகி அணையைத் தாண்டும் முன் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் கைவிட்டு இடைவெளியைப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். மேலே போனபின் பழுதானால், குடும்பத்தை வெள்ளிமலையிலிருந்து அரசுப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டு, காரை முழுதாக ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டிக்குச் சொல்லுங்கள். கார் தரையோடு இறங்கியிருக்கிறது, சாய்வுப் பலகை கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.