பிரஜ்வல் சம்பங்கி: ஒரு கலப்பு ரகம் பிறந்த விதமும் அதைக் காக்கும் வழியும்

திருவண்ணாமலைப் பட்டணத்திற்குத் தென்மேற்கே, செங்கம் ரஸ்தாவில் ரமணாசிரமம் உள்ள பகுதியிலும், மலையை வலம் வரும் 14 கிலோ மீட்டர் பாதையிலும், பூமாலை விற்போர் இல்லாத நாளில்லை. பௌர்ணமி தினங்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் ஜனங்கள் கூடுவதால் பூவுக்குக் கிராக்கி ஏறுகிறது. இவ்விதம் நிச்சயமான விற்பனை அருகிலேயே இருக்கையில், கிணற்றுப் பாசனமுள்ள சிறு குடியானவருக்குச் சில சென்ட் நிலத்துப் பூச்சாகுபடி அனுகூலமான உப வருமானமாகும். ஆயின் அந்த வருமானம் நடப்படும் கிழங்கின் தரத்தைப் பொறுத்தது. ஆகவே பிரஜ்வல் என்னும் கலப்புச் சம்பங்கி உண்டான விதத்தையும், அதன் குணங்களையும், அதைக் கெடாமல் காப்பதில் ஐக்கிய சங்கம் செய்யக்கூடிய காரியத்தையும் இப்பாடம் விவரிக்கிறது.

1. செடியின் பூர்வ விருத்தாந்தம்

இங்கே சம்பங்கி என்பது கிழங்கிலிருந்து முளைத்து, நீண்ட தண்டில் வெண்பூக்களைத் தாங்கும் நிலச்சம்பங்கியாகும். மரத்தில் பூக்கும் செண்பகம் வேறு. நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்ஸிகோ தேசம். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் இந்தியாவிலும் பரவிற்று.

இதில் பிரதானமாக இரண்டு வகைகள் உண்டு. ஒற்றையடுக்குப் பூ வாசனை மிகுந்தது. மாலை தொடுக்கவும் வாசனைத் திரவியம் எடுக்கவும் ஏற்றது. இரட்டையடுக்குப் பூ இதழ்கள் பல செறிந்தது. தண்டோடு அறுத்து ஜாடியில் வைப்பதற்கு விரும்பப்படுவது. நெடுங்காலம் குடியானவர்கள் கைக்குக் கிடைத்த கிழங்கையே நட்டு வந்தனர். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் 1967ஆம் வருஷம் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இச்செடியைச் சீர்திருத்தும் வேலையை எடுத்துக்கொண்டது.

2. கலப்புச் செய்யும் முறை

சம்பங்கிப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் மகரந்தம் முதலில் முதிர்ந்து உதிர்கிறது; சூல்முடி பின்னரே அதை ஏற்கும் பக்குவம் அடைகிறது. அன்றியும் ஒரு செடி தன் மகரந்தத்தாலேயே விதை பிடிப்பது அரிது. ஆகையால் விதை வேண்டுமாயின் வேறொரு ரகத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும்.

ஆராய்ச்சியாளர் தாய்ச் செடியின் மொட்டு விரிவதற்கு முன் அதன் ஆண் உறுப்புகளைக் கிள்ளி எடுத்து, பூச்சிகள் அணுகாதபடி பையால் மூடிவைப்பர். சூல்முடி பக்குவமானதும் தந்தைச் செடியின் மகரந்தத்தை அதில் தடவி, மறுபடியும் மூடி, இரு ரகங்களின் பெயரையும் எழுதிய சீட்டைக் கட்டுவர். காய் முற்றியபின் விதையை எடுத்து விதைத்து, நாற்றுகளை வளர்ப்பர்.

அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே காயிலிருந்து வந்த நாற்றுகளாயினும் அவை ஒரே மாதிரியாக இரா. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் நெட்டையாகவும் ஒருவன் குட்டையாகவும் இருப்பதுபோல, ஒரு நாற்று நீண்ட தண்டும், மற்றொன்று பருத்த மொட்டும், வேறொன்று இரண்டுமற்ற நிலையும் கொண்டிருக்கும். அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, அதன் கிழங்குகளைப் பெருக்கி, பழைய ரகங்களோடு பக்கத்தில் வைத்துப் பரீட்சித்த பின்னரே அது புதிய ரகமென்று பெயர் பெறுகிறது. ஒரு ரகத்தின் பெயருக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

3. பிரஜ்வல் ரகத்தின் குணங்கள்

ஹெசரகட்டா நிலையத்தார் முதலில் ஒற்றையடுக்கையும் இரட்டையடுக்கையும் கலந்து சிருங்கார் என்னும் ஒற்றையடுக்கு ரகத்தை உண்டாக்கினர். அதன் மொட்டில் இலேசான இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் சக்தி அதன் விசேஷ குணம். பின்பு சிருங்காரைத் தாயாகவும் மெக்ஸிகன் ஒற்றை என்ற ரகத்தைத் தந்தையாகவும் வைத்துச் செய்த கலப்பில் பிறந்ததே பிரஜ்வல்.

பிரஜ்வலின் தண்டு உயர்ந்தும் விறைத்தும் நிற்கும். மொட்டில் தாயைப் போன்ற இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. விரிந்த பூ வெண்மை. பூ ஒவ்வொன்றும் சிருங்காரினும் பெரிது, எடையும் அதிகம். நிலையத்தின் கணக்குப்படி உதிரிப்பூ மகசூல் சிருங்காரைவிட 100க்கு 20 வீதம் கூடுதல். எடைக்கு விற்கும் குடியானவருக்குப் பருத்த மொட்டினால் லாபம். நீண்ட தண்டு உள்ளதால் தண்டோடு அறுத்தும் விற்கலாம். உதிரிப்பூ விலை இறங்கிய நாளில் மற்றொரு வழி திறந்திருப்பது சிறு குடியானவருக்குப் பெரிய ஆதரவாகும்.

ஆயினும் கூடுதல் மகசூல் தானாக வருவதன்று. வடிகாலுள்ள நிலமும், எருவும், காலத்தில் நீரும் வேண்டும். குளிர்காலத்தில் எந்தச் சம்பங்கியும் பூப்பது குறையும் என்பதையும் மறக்கலாகாது. கார்த்திகைத் தீபத்தின் விலையை மாத்திரம் நம்பிக் கடன் வாங்குதல் விவேகமன்று.

4. கலப்பு ரகம் ஏன் மாறுவதில்லை?

வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் விதையை எடுத்து மறு வருஷம் விதைத்தால் பயிர் ஒரு சீராக வராது. வருஷந்தோறும் புதிய விதை வாங்க வேண்டும். இதை அறிந்தவர்கள், கலப்புச் சம்பங்கியும் அப்படியே என்று எண்ணி அஞ்சுகின்றனர். அந்த அச்சத்திற்கு இடமில்லை. சம்பங்கியை விதையால் பெருக்குவதில்லை; கிழங்கால் பெருக்குகிறோம். கிழங்கு தாய்ச்செடியின் உடம்பிலிருந்து பிரிந்த ஒரு பங்கு. அதில் புதிய கலப்பு எதுவும் நிகழ்வதில்லை. எனவே பிரஜ்வலின் கிழங்கு பிரஜ்வலாகவே வளரும்.

கரும்பு இதற்கு நல்ல உதாரணம். 1912ஆம் வருஷம் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு அபிவிருத்தி நிலையத்தில் வெள்ளை என்னும் கரும்பையும் பேய்க்கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகம் உண்டாக்கப்பட்டு, 1918ஆம் வருஷம் வெளியிடப்பட்டது. கரணையால் நடப்பட்டதால் அக்கலப்பின் குணம் ஒவ்வொரு வயலிலும் மாறாமல் நின்றது.

அங்ஙனமாயின், "பிரஜ்வல் வாங்கினேன், மூன்றாம் வருஷம் கெட்டுவிட்டது" என்று சிலர் குறை கூறுவது ஏன்? ரகம் கெடவில்லை. கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு கிழங்கின் கலப்பு அல்லது நோய்.

5. சங்கத்தின் தாய்ப்பாத்தி

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் விட்டு நட்டால், 1 சென்ட் நிலத்திற்குச் சுமார் 450 கிழங்குகள் செல்லும். ஐந்தில் ஒன்று வேறு ரகமாயின், 90 கிழங்குகளுக்குக் கொடுத்த பணமும், அவை நிற்கும் இடமும், இறைத்த நீரும் வீணாகும். உறங்கும் கிழங்கைப் பார்த்து ரகம் கண்டுபிடிக்க இயலாது. பூத்த பிறகே தெரியும். அப்போது விற்றவரைத் தேடிப் பயனில்லை.

இதற்குப் பரிகாரம் சங்கமே ஒரு தாய்ப்பாத்தி வைத்துக்கொள்வது. நம்பத்தக்க நிலையத்திலிருந்து ஒரு முறை சுத்தமான கிழங்கு வாங்கி, 5 சென்ட் நிலத்தில் சுமார் 2,250 கிழங்குகள் நடலாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள திரண்ட கிழங்குகளைத் தெரிந்து, ஆனி, ஆடி மாதங்களில் நட வேண்டும். நட்ட சுமார் 3 மாதத்தில் பூக்கத் தொடங்கும். அச்சமயம் அங்கத்தினர் இருவர் வரிசை வரிசையாகச் சென்று, குட்டைத் தண்டோ, சிறு பூவோ, இரட்டையடுக்கோ காணும் செடியருகே குச்சி நட்டு, அதை வேரோடு எடுத்துவிட வேண்டும். பூக்காலம் தப்பினால் இந்த வாய்ப்பும் தப்பும்.

ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அதைச் சுற்றிப் பிறக்கும் பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூக்கும். அவற்றைப் பிரித்து, சுமார் ஒரு மாதம் நிழலில் ஆறவைத்து, அங்கத்தினருக்கு வழங்கலாம். யாருக்கு, எந்த நாள், எத்தனை கிழங்கு என்பதைச் சங்கத்தின் கணக்குப் புஸ்தகத்தில் பதிய வேண்டும்.

6. வேர்முடிச்சு நூற்புழு

கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்குகிறது. செடி மஞ்சளித்துக் குன்றும். குடியானவர் உரம் போதவில்லையென்று மேலும் உரத்திற்குச் செலவிடுவார். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். தாயான சிருங்கார் இப்புழுவைத் தாங்கும் என்பதால் மகளான பிரஜ்வலும் தாங்கும் என்று எண்ணிச் சும்மா இருத்தல் கூடாது. முடிச்சுள்ள வயலிலிருந்து கிழங்கு எடுத்து வழங்கவே கூடாது. வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், துலுக்கச் சாமந்தியை மாற்றுப் பயிராக வைப்பதும் நன்மை தரும்.

முடிவுரை

நல்ல ரகத்தை உண்டாக்குவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. உண்டானதைக் கலப்பின்றி, நோயின்றி வைத்திருப்பது கிராமத்தின் வேலை. தனி ஒருவருக்கு இது சுமை. சங்கத்திற்கோ 5 சென்ட் நிலமும் பூக்காலத்தில் இரண்டு காலைப்பொழுதுகளுமே செலவு.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. பிரஜ்வலின் தாய் எது, தந்தை எது? தாயிடமிருந்து மொட்டில் வந்த அடையாளம் யாது?
2. மக்காச்சோளத்திற்கு வருஷந்தோறும் விதை வாங்குவதும், சம்பங்கிக்கு அது வேண்டாததும் ஏன்?
3. அந்நிய ரகத்தை எக்காலத்தில் நீக்க வேண்டும்?
4. நமது சங்கத்தில் தாய்ப்பாத்திக்கு வடிகாலும் கிணற்று நீரும் உள்ள 5 சென்ட் நிலம் எங்கே கிடைக்கும்? அதைப் பார்வையிடும் பொறுப்பை யார் ஏற்பர்?