மீன்தொட்டியும் சுண்ணாம்பும்

நம் பள்ளி வரவேற்பறைக்கு வரும் எவரும் அங்குள்ள மீன்தொட்டியின் முன் ஒரு கணம் நிற்காமல் போவதில்லை. மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட வரும் அப்பாக்களும், கண்டிப்புக்குப் பெயர்போன நம் சிஸ்டர்களும்கூட அங்கே முகம் மலர்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். அத்தொட்டியைப் பராமரிப்பது ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் வேலை. சென்ற பிப்ரவரி மாதம், ஒரே இரவில், அதிலிருந்த 16 மீன்களில் 11 இறந்தன. கொன்றவர்கள் நாங்களே. "அக்கா, மீனெல்லாம் எங்கே?" என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கேட்டபோது எங்களால் சொல்ல முடியாமற்போன விடையை இங்கே எழுதுகிறோம்.

தொடக்கத்தில் தொட்டிக்குப் பள்ளியின் போர் தண்ணீரையே ஊற்றி வந்தோம். நம் அணைக்கட்டு வட்டாரத்துப் போர் தண்ணீரைப் பற்றித் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு கண்ணாடியிலும் படிந்து மீன்களையே மறைத்தது. அக்டோபரில் மழை பிடித்ததும் எங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதல்லவா? நம் பள்ளியிலும் மாடி நீர் ஒரு தொட்டியில் சேர்கிறது. அதைவிடத் தூய நீர் ஏது? வாரம் ஒரு வாளி பழைய நீரை எடுத்துவிட்டு ஒரு வாளி மழைநீர் ஊற்றினோம். கண்ணாடி பளபளத்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

பிப்ரவரியில் மீன்கள் சோர்ந்தன. துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 6-க்கும் கீழே காட்டியது.

பி.எச். என்பது நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு. 1909-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் வகுத்தது. (அவர் பணிபுரிந்த இடம் பீர் தயாரிக்கும் கார்ல்ஸ்பர்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்று படித்தபோது வகுப்பே சிரித்தது.) 7 என்றால் நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு படி மாறினால் பத்து மடங்கு மாறியதாகப் பொருள்; இரண்டு படி என்றால் நூறு மடங்கு. பாடத்தில் இதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவர்களும் எங்களுள் உண்டு. தொட்டியின் முன் நின்றபோது ஒருத்திக்கும் அது நினைவில்லை.

அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டும். காரம் என்றால் சுண்ணாம்பு. ஒருத்தி தன் ஆயாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கொண்டுவந்தாள். டம்ளரில் கரைத்து, மாலை மணியடிக்கும் நேரத்தில் ஊற்றினோம். அரை மணியில் தாள் 9 காட்டியது. கொஞ்சம் அதிகமாகிவிட்டது, இரவில் தானே இறங்கிவிடும் என்று வீட்டுக்குப் போனோம். காலையில் நாங்கள் கண்டதை விவரிக்க விரும்பவில்லை.

சுண்ணாம்பு மீனைச் சுட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தோம். அதில் பாதி உண்மை உண்டு. மீதியை விளக்கியவர் எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா. அவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "சுண்ணாம்பில் ஊறவைத்தால் மாட்டுத்தோலின் மயிரே கழன்றுவிடும், மீன் எம்மாத்திரம்?" என்று தொடங்கியவர், மேலும் ஒன்று சொன்னார். மயிர் நீக்கிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க, டிரம்மில் அமோனியம் சல்பேட் போட்டுச் சுற்றுவார்களாம். அப்போது எழும் நெடியில் கண் எரிந்து நீர் கொட்டுமாம்.

அதைக் கேட்டதும் எங்கள் வேதியியல் ஆசிரியை கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார்கள். அமோனியம் உப்புக்கு நெடி இல்லை. சுண்ணாம்பின் காரம் பட்டதும் அது அமோனியா வாயுவாகிறது, நெடி அதனுடையது. மீன்களின் கழிவிலிருந்தும் இதே பொருள்தான் நீரில் சேர்கிறது. நீர் அமிலமாக இருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாக அடங்கிக் கிடக்கும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 6 எனில் 10,000-இல் 6 பங்குதான் நச்சு அமோனியா. 7 எனில் 1,000-இல் 6 பங்கு. 8 எனில் 100-இல் 5 பங்குக்கு மேல். 9 எனில் 100-இல் 36 பங்கு! நம் வேலூர் வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் கூடும். தொட்டிக்கு வெளியிலிருந்து நாங்கள் விஷம் எதையும் போடவில்லை. உள்ளே உறங்கிக் கிடந்ததை ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பால் எழுப்பிவிட்டோம்.

அப்படியானால் நீர் அமிலமாக மாறியது ஏன்? பாடத்தின் நடு இடம் இதுதான். நீரில் உள்ள பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீனுக்கு இது நன்மை. ஆனால் அந்த வேலையில் அமிலம் பிறக்கிறது. அதை உடனுக்குடன் விழுங்கிவிட நீரில் பைகார்பனேட் இருக்க வேண்டும். இந்தக் கையிருப்பைத்தான் காரத்தன்மை என்கிறோம். பி.எச். வேறு, காரத்தன்மை வேறு. பி.எச். என்பது இன்று அடுப்பில் வேகும் சோறு. காரத்தன்மை என்பது குதிரில் உள்ள நெல். இரண்டு வீட்டிலும் இன்று ஒரே சோறுதான் வேகலாம். ஆனால் குதிர் காலியான வீட்டில் ஒருநாள் கூலி தவறினால் மறுநாள் பட்டினி. அமோனியாவில் உள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராம் மாறுவதற்குள், கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்ந்துவிடும். செலவு இவ்வளவு. வரவோ, மழைநீரில் ஏறக்குறைய சுழி.

ஆறு வாளி கொள்ளும் தொட்டியில் வாரம் ஒரு வாளி மாற்றினால், பழைய நீரில் ஆறில் ஐந்து பங்கே மிஞ்சும். அதையே 16 வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பதினெட்டில் ஒரு பங்குதான் மிச்சம். தூய நீர் என்று பெருமைப்பட்டுக்கொண்டே குதிரைத் துடைத்துவிட்டிருந்தோம்.

எஞ்சிய 5 மீன்களைக் காக்க, ஆசிரியையின் சொற்படி முதலில் இரண்டு வாளி நீரை மாற்றினோம். அமோனியா குறைந்தது. பிறகு ஆப்ப சோடா. சோடியம் பைகார்பனேட் என்பது அதுவே. சலவை சோடாவோ கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரோ கூடாது. 60 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், காரத்தன்மையை லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவு உயர்த்தும். அதையும் ஒரே வேளையில் போடாமல், நாளுக்குக் கால் கரண்டியாக நான்கு நாள் கரைத்து ஊற்றினோம். ஒரு நாளில் பி.எச். அரைப் படிக்கு மேல் ஏறக்கூடாது என்பது மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. ஆப்ப சோடாவின் நற்குணம் என்னவென்றால், அளவு சற்றுக் கூடினாலும் பி.எச். 8-ஐச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். சுண்ணாம்புக் கரைசலோ 12-க்கும் மேலே போகும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தால் ஆரத்தி சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரம் அத்தகையது.

சோடா தீரும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? விடுமுறையில் யார் போடுவது? தானே கரைந்து தானே நிற்கும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது. சாக்பீஸ் போடலாம் என்றாள் ஒருத்தி. வினிகரில் போட்டுப் பார்த்தோம்; நுரைக்கவே இல்லை. எங்கள் வகுப்புச் சாக்பீஸ் ஜிப்சத்தால் ஆனது; அதில் கார்பனேட் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைப் போட்டோம், பொங்கியது. கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். நீர் அமிலமாகத் திரும்பும்போது அதிகம் கரையும், போதுமானதும் கரைவதைக் குறைத்துக்கொள்ளும். இப்போது இரண்டு கைப்பிடிக் கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டி வடிகட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதன்மேல் வழவழப்பு படிந்தால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையாது.

போர் தண்ணீரை வெறுத்ததும் தவறு என்று பிறகு புரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் ஆய்வுக்கூடத்தில் மெத்தில் ஆரஞ்சு சொட்டி, ஐம்பதில் ஒரு பங்கு நார்மல் கந்தக அமிலத்தால் அளந்து தந்தார்கள். 50 மி.லி. போர் தண்ணீருக்கு 17 மி.லி. அமிலம் செலவாயிற்று. 20-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு 340 மில்லிகிராம் காரத்தன்மை. மழைநீரோ அரை மி.லி.யிலேயே நிறம் மாறிவிட்டது. ஒரு குடம் போர் தண்ணீரும் மூன்று குடம் மழைநீரும் கலந்தபோது நாலரை மி.லி., அதாவது 90. காசு செலவில்லாத மருந்து கையருகே இருந்திருக்கிறது.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் உப்புக் கரித்த கிணற்று நீர் எல்லாம் காரத்தன்மை மிக்கது என்று எண்ணிவிடக் கூடாது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு சோடியம் குளோரைடு. அது நீரில் எவ்வளவு கலந்தாலும் ஒரு துளி அமிலத்தையும் முறிக்காது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் கெட்ட நீரைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அதனால்தான். அத்தகைய நீரில் உப்பு மட்டுமன்றி வேறு பொருள்களும் இருக்கலாம். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். கருவி கரைந்த உப்பின் அளவை மட்டும் காட்டும். எது என்று சொல்லாது. எனவே அமிலம் சொட்டி அளந்தே கலக்க வேண்டும்.

இன்னுமொரு சிறு செய்தி. செடி வைத்த தொட்டியில் விடியற்காலையில் பி.எச். தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் காணும். இரவில் சேரும் கார்பன் டை ஆக்சைடைப் பகலில் செடி எடுத்துக்கொள்வதே காரணம். அதைக் கண்டு பதறி ஒன்றும் கொட்டிவிடாதீர்கள். நாங்கள் நாள்தோறும் காலை இறைவேட்டல் முடிந்ததும், ஒரே நேரத்தில் அளந்து குறிக்கிறோம்.

அந்த நோட்டில் கடந்த மூன்று வாரமாகப் பி.எச். 7½-ஐ ஒட்டியே இருக்கிறது. பிழைத்த ஐந்தில் இரண்டு பெண் கப்பிகள். அவற்றுள் ஒன்று சென்ற வெள்ளிக்கிழமை குட்டி போட்டது. எண்ணிப் பார்த்ததில் 14. செடிக்குள் இன்னும் ஒளிந்திருக்கலாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இப்போது மதிய உணவு மணியில் வரிசையாக வந்து எண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வருகிறது.