பனிக்கு அடியில் மூச்சு: சீல் பாடத்தை நடத்தும்போது

தகவமைப்புப் பாடத்தில் சீல் வந்தால், "தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு உள்ளது, அதனால் குளிரைத் தாங்கும்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஒரு முறை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "கடல் மேல எல்லாம் ஐஸ் மூடியிருந்தா அது எப்படி டீச்சர் மூச்சு விடும்?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்று மாலை தேடிப் படித்த பிறகுதான், பாடத்தின் முக்கியமான பாதியை விட்டுவிட்டிருந்தது புரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. சீலைக் கடல்நாய் என்றும் சொல்வதால், காவிரியில் வாழும் நீர்நாயும் இதுவும் ஒன்றே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மூக்கில் பந்தை நிறுத்தி வித்தை காட்டுவது பெரும்பாலும் கடற்சிங்கம்; அதற்குக் காது மடல் உண்டு, சீலுக்கு இல்லை. எல்லாச் சீல்களும் பனியில் வாழ்வதும் இல்லை. ஹவாய்த் தீவுகளின் வெப்பக் கடலில் ஓர் இனம் உண்டு. ரஷ்யாவின் பைக்கால் ஏரியில், நன்னீரிலேயே வாழும் இனமும் உண்டு. இதைத் தொட்டுவிட்டு, ஒரே ஓர் இனத்தை ஆழமாக எடுத்துக்கொள்ளலாம். என் தேர்வு அண்டார்க்டிகாவின் வெடல் சீல்.

சுமார் 3 மீட்டர் நீளம், 400 முதல் 500 கிலோ எடை. கரையை ஒட்டி உறைந்து கிடக்கும் கடலே இதன் வீடு. பனிப்பரப்பில் உள்ள விரிசல்களையும் துளைகளையும் மூச்சு விடப் பயன்படுத்துகிறது. கடுங்குளிரில் துளை மறுபடி மறுபடி உறைந்து மூடும். அப்போது சீல் வாயைத் திறந்து, முன்னோக்கி நீண்ட பற்களைப் பனியில் பதித்து, தலையை இருபுறமும் ஆட்டி அரம்போல் ராவுகிறது. இதனால் பல் தேய்கிறது. மிகவும் தேய்ந்துபோனால் துளையைக் காக்கவும் முடியாது, இரையைப் பிடிக்கவும் முடியாது. "தேவைப்பட்டதால் பல் நீண்டது" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அத்தகைய பல் அமைந்தவை அதிகம் பிழைத்து, அதிகம் குட்டி ஈன்றன; பல தலைமுறைகளில் அது இனத்தின் இயல்பாயிற்று.

இன்னொரு கேள்வியையும் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: நடுக்குளிர்காலத்தில் சீல் பனி மேல் இருப்பது நல்லதா, நீருக்குள் இருப்பதா? பெரும்பாலோர் "பனி மேல்" என்பார்கள். வெளியே காற்று மைனஸ் 40 டிகிரி வரை போகலாம். உப்பு நீரோ சுமார் மைனஸ் 2 டிகிரியில் நின்றுவிடும். அதனால் அக்காலத்தில் சீல் பெரும்பாலும் நீரிலேயே இருக்கிறது.

இது 600 மீட்டருக்கும் ஆழமாக மூழ்கும். நீண்ட மூழ்கல்கள் 80 நிமிடத்தையும் தாண்டியுள்ளன. நம் பள்ளிக் கணக்கில் இரண்டு பாடவேளை! மூழ்கும் முன் நாம் காற்றை இழுத்து நிரப்புவோம். சீல் வெளியே விடுகிறது. அதன் ஆக்சிஜன் சேமிப்பு நுரையீரலில் அல்ல. இரத்தத்திலும் தசையிலும்தான் உள்ளது. தசையில் மையோகுளோபின் மிகுந்திருப்பதால் அது கறுத்தே தெரியும். மூழ்கியதும் இதயத் துடிப்பு குறைகிறது. உடனடித் தேவையில்லாத உறுப்புகளுக்கு இரத்தம் சுருங்குகிறது.

இதையெல்லாம் அளக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க அறிவியலாளர் ஜெரால்ட் கூய்மன். 1960களில், சமையலறையில் நேரம் பார்க்கும் 60 நிமிடக் கடிகாரத்தைக் கொண்டு, ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கருவியைச் செய்து சீலின் முதுகில் பொருத்தினார். வேறு துளை இல்லாத இடமாகப் பார்த்துப் பனியில் துளையிட்டு அதில் சீலை இறக்கினார். மூச்சுக்கு அது அங்கேயே திரும்பியாக வேண்டும். கருவியும் திரும்பக் கிடைத்துவிடும். ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் இந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு இருக்கும்.

கொழுப்புக்கு ஒரு எளிய செயல்பாடு: இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே வனஸ்பதியைத் தடவி, அதற்குள் ஒரு கையை விடச் செய்யுங்கள். மறு கைக்கு வெறும் பை. இரண்டையும் ஐஸ் தண்ணீரில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். மூச்சடக்கும் போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், மயக்கம் வரும்.

மறுநாள் அந்த மாணவிக்குத் துளையைப் பற்றிச் சொன்னேன். "அப்ப குட்டி?" என்றாள். குட்டி பனி மேல் பிறக்கிறது. எடை 25 முதல் 30 கிலோ. பிறக்கும்போது கொழுப்புப் படலம் இல்லை, மென்மயிர்தான் போர்வை. தாய்ப்பாலில் ஏறத்தாழ பாதி கொழுப்பு இருப்பதால், ஆறேழு வாரத்தில் சுமார் 100 கிலோவை எட்டிவிடும். இரண்டு வாரத்திலேயே தாயோடு அந்தத் துளை வழியாக நீரில் இறங்கப் பழகத் தொடங்கும்.